நெறி டெஸ்ட்ல நெகட்டிவ்னா நோயே போச்சுன்னு எழுதாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். நான் பிரிஸ்பேன்ல இருந்து எழுதுறேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. உங்க பேப்பரை எங்கப்பா காலத்துல இருந்து வாங்குறோம், இப்ப வீட்ல அம்மா மட்டும் தனியா இருந்தாலும் காலைல பேப்பர் வரலைன்னா பேப்பர் போடுற பையனுக்கு உடனே போன் போயிரும். போன வாரம் மருத்துவப் பக்கத்துல தோல் கேன்சர் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு இல்லையா, அதை அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி "ஏல, உன் வேலையத்தான் போட்டிருக்கான், படி"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டாங்க. படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, மச்சம் எப்படி மாறினா டாக்டர்ட்ட காட்டணும்ங்கிறதெல்லாம் சரியாவே எழுதியிருந்தீங்க. ஆனா கடைசிக்கு முந்தின பத்தியில, நெறிகட்டிய, அதாவது நிணநீர்க்கணுவ, எடுத்து டெஸ்ட் பண்ணி அதுல கேன்சர் செல் இல்லைன்னு வந்துட்டா ஆளு முழுசா குணமாயிட்டார்னு எடுத்துக்கலாம்ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கு பாருங்க, அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. நாலு நாள் விட்டுப் பார்த்தேன், முடியல, அதான் இந்த லெட்டர். நீளமாத்தான் வரும், வெட்டிப் போட்டாலும் சரி, அந்த ஒரு வரிய மட்டும் திருத்திடுங்க.

நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். இங்க ஒரு ஆஸ்பத்திரில நியூக்ளியர் மெடிசின்ல (கதிர் மருந்து போட்டு உடம்பப் படம் பிடிக்கிற பிரிவு) டெக்னாலஜிஸ்ட்டா 14 வருஷமா இருக்கேன். நீங்க எழுதின அந்த டெஸ்ட்ல ஆபரேஷனுக்கு முந்தி நடக்கிற பாதி வேலை எங்க ரூம்லதான் நடக்கும். டாக்டர் ஊசி போடுவார், நான் கேமராவ ஓட்டுவேன், எந்த நெறிக்கு மருந்து போய் நிக்குதுன்னு பார்த்து தோல் மேல பேனாவால பெருக்கல் குறி போடுற வரைக்கும் கூடவே நிப்பேன். எங்க குயின்ஸ்லாந்து மாநிலத்துல இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. உலகத்துல மெலனோமா, அதான் மச்சம் மாதிரி கருப்பா வர்ற அந்தத் தோல் கேன்சர், அதிகமா வர்ற இடம்னா ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான், வெள்ளைத்தோலு, சுள்ளுன்னு அடிக்கிற வெயிலு, ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா வேற என்ன ஆகும். 70 வயசுக்குள்ள மூணு பேர்ல ரெண்டு பேருக்காவது ஏதோ ஒரு தோல் கேன்சர் வந்துரும்னு இங்க கேன்சர் கவுன்சில் சொல்லுது. என் பசங்க ஸ்கூல்ல தொப்பி இல்லைன்னா கிரவுண்டுக்கே விடமாட்டாங்க, 1981ல இருந்து சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வைன்னு டிவில பாட்டு போட்டு சொல்லிக்கிட்டு இருக்காங்க. இருந்தும் எங்க லிஸ்ட்ல வாரா வாரம் தலையிலயும் முகத்துலயும் மெலனோமான்னு ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கு.

என் பக்கத்து வீட்டுக்காரர் கதையச் சொன்னாத்தான் நான் எதுக்கு இவ்வளவு சொல்றேன்னு உங்களுக்குப் புரியும். பேர் வேண்டாம், என் பசங்க அவரை தாத்தான்னு தமிழ்லயே கூப்பிடுவாங்க, அவரும் திரும்பிப் பார்ப்பார். பண்டபெர்க் பக்கம் கரும்புத் தோட்டத்துல 40 வருஷம் வேலை பார்த்துட்டு பொண்ணு வீட்டுக்குப் பக்கமா இருக்கணும்னு இங்க வந்தவர். தொப்பி போடுவார், சர்ச்சுக்குப் போகும்போது மட்டும். 2021ல முடி வெட்டப் போன இடத்துல அந்த முடிவெட்டுற பொண்ணுதான் உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னாடி கருப்பா ஏதோ இருக்கு, சீப்பு பட்டா ரத்தம் கசியுதுன்னு சொல்லியிருக்கு. உச்சந்தலைய நாம எங்க பார்க்குறோம், கண்ணாடிலயும் தெரியாது, அதனால தலையில வர்ற மெலனோமா பாதிக்கு மேல வேற யார் கண்ணுலயாவது பட்டாத்தான் உண்டு (இது என் அனுபவக் கணக்கு, புள்ளிவிவரம்னு நினைச்சுடாதீங்க). வெட்டி எடுத்துப் பார்த்தா 2.8 மில்லிமீட்டர் ஆழம், மேல புண்ணு வேற. 1 மில்லிமீட்டருக்கு மேல போனாலே நெறி டெஸ்ட் பண்ணலாமான்னு பேசுவாங்க, இவருக்கு பேசவே வேண்டியதில்ல, அந்த ஆகஸ்ட்ல வேற ஒரு ஆஸ்பத்திரில பண்ணாங்க. ரெண்டு நெறி எடுத்தாங்க, காதுக்குப் பின்னாடி ஒண்ணு, கழுத்துல பக்கவாட்டுல ஒண்ணு. ரெண்டுமே நெகட்டிவ்.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் மனுஷன் தலையில கட்டோட வேலி பக்கத்துல வந்து நின்னு, கையில ரிப்போர்ட்டு, இன்னொரு கையில பீரு, "முடிஞ்சுது மேட், ஆல் கிளியர்"னு சொன்னார். நான் என்ன சொல்ல. சந்தோஷம்னு சொன்னேன். சொல்லணும்னு நினைச்சத சொல்லல, அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கு.

அந்த டெஸ்ட் என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், கட்டுரைல காவல் நிணநீர்க்கணுன்னு எழுதியிருந்ததைப் படிச்சு எங்கம்மா "அது என்னல போலீஸ் கணு"ன்னு கேட்டாங்க. நம்ம ஊர்ல கால்ல முள்ளு குத்தி சீழ் பிடிச்சா தொடை இடுக்குல நெறி கட்டும்ல, பாட்டிமாருக்கு எல்லாம் தெரியும், நெறி கட்டியிருக்குன்னா முதல்ல கால்லதான் புண்ணு தேடுவாங்க. அதே கணக்குதான். தோல்ல இருந்து ஒரு நீர் சின்னச் சின்னக் குழாய் வழியா நெறிக்குப் போகுது, கேன்சர் செல்லும் கிளம்பினா பெரும்பாலும் அந்தப் பாதையிலதான் போகும். முதல்ல எந்த நெறிக்குப் போய்ச் சேருமோ அதுதான் இந்த காவல் நெறி. அதை மட்டும் கண்டுபிடிச்சு எடுத்துப் பார்த்தாப் போதும், அதுல இல்லைன்னா பின்னாடி இருக்கிற நெறியிலயும் இருக்காதுன்னு 1992ல அமெரிக்காவுல டொனால்ட் மார்ட்டன்னு ஒரு சர்ஜன் மெலனோமாவுக்குப் பண்ணிக் காட்டினார், நீலச் சாயத்த ஊசில ஏத்தி எந்த நெறி நீலமாகுதுன்னு பார்த்தார். அதுக்கு முன்னாடி எல்லாம் சந்தேகம்னாலே கழுத்து, அக்குள், தொடை இடுக்குன்னு மொத்த நெறியையும் வழிச்சு எடுத்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் கை கால் வாழ்நாள் முழுக்க வீங்கிக் கிடக்கும்.

இப்ப நீலச் சாயத்தோட டெக்னீஷியம்னு ஒரு கதிர் மருந்தையும் சேர்த்துப் போடுறோம். மச்சம் இருந்த தழும்பச் சுத்தி நாலு இடத்துல தோலுக்குள்ள ஒரு சுருக்குன்னு. 6 மணி நேரத்துல அதோட வீரியம் பாதி ஆயிரும், காலைல போட்டா சாயங்காலம் பாதி, நடு ராத்திரி கால்வாசி, பயப்பட ஒண்ணும் இல்ல. கேமராவுக்கு அடியில படுக்க வச்சா மருந்து ஓடுறது திரையில தெரியும், ஒரு கோடு இழுத்த மாதிரி போய் ஒரு புள்ளியில நிக்கும். அப்புறம் ஆபரேஷன் தியேட்டர்ல சர்ஜன் கையில ஒரு குச்சி மாதிரி மீட்டர் வச்சுக்கிட்டு தேடுவார், நெறி பக்கத்துல போனா பீப் பீப்னு கத்தும். எல்லாத்துலயும் அதிகமா காட்டுற நெறி 1000 காட்டுதுன்னா 100க்கு மேல காட்டுற எல்லாத்தையும் எடுக்கணும்னு ஒரு வழக்கம் இருக்கு.

பாளையங்கோட்டைக்காரனுக்கு இத விளக்குறது ரொம்ப ஈஸி. கால்வாயில தண்ணி வந்து முதல் குளம் நிறையும், நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைஞ்சா அதுக்கடுத்தது. முதல் குளத்துல அழுக்கு இல்லைன்னா அடுத்த குளத்துலயும் இருக்காதுன்னு தைரியமா சொல்லலாம். கால்ல, கையில மெலனோமா வந்தா அனேகமா இப்படித்தான், கால்னா தொடை இடுக்கு, கைன்னா அக்குள், ஒரே கால்வாய், ஒரே முதல் குளம். எனக்கு கேமராவுல படம் பார்க்கும்போதே நிம்மதியா இருக்கும்.

தலையும் கழுத்தும் அப்படி இல்ல சார், இதைத்தான் கட்டுரையில சுத்தமா விட்டுட்டீங்க. உடம்புல இருக்கிற நெறிகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு தலையிலயும் கழுத்துலயும்தான் கிடக்கு, ஒவ்வொண்ணும் மிளகு, பயறு சைஸுல, நெருக்கி நெருக்கி. ஒரே இடத்துல இருந்து ரெண்டு மூணு மடை பிரிஞ்சு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குளத்துக்குப் போகும். காதுக்கு முன்னாடி, காதுக்குப் பின்னாடி, பிடரி, தாடைக்கு அடியில, கழுத்து நெடுக. உச்சந்தலையில இருந்து ஒரு ஓடை நடுவுல எதுலயும் நிக்காம நேரா கழுத்து அடிவாரத்துல காரை எலும்புக்கு மேல போய் இறங்குறதையும் நான் பார்த்திருக்கேன், இடது பக்க மச்சத்துக்கு வலது பக்க நெறி ஒளிர்றதையும் பார்த்திருக்கேன். சிட்னியில ரோஜர் யூரன்னு ஒரு நியூக்ளியர் மெடிசின் டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் வருஷக்கணக்கா இந்தப் பாதைய எல்லாம் ஆயிரக்கணக்கான ஆட்கள்ட்ட படமெடுத்து வச்சிருக்காங்க, புத்தகத்துல போட்டிருக்கிற பாதைக்கும் நிஜத்துல ஓடுற பாதைக்கும் தலை-கழுத்துல அடிக்கடி ஒத்துப்போகாதுங்கிறது அவங்க வேலையில தெளிவா தெரிஞ்ச விஷயம்.

இன்னொரு தொல்லை என்னன்னா மச்சம் இருந்த இடமும் நெறியும் ரெண்டு விரக்கடை தூரத்துலதான் இருக்கும். ஊசி போட்ட இடம் கேமராவுல சூரியன் மாதிரி எரியும், பக்கத்துல இருக்கிற நெறி அந்த வெளிச்சத்துல மறைஞ்சே போயிரும், பகல்ல நட்சத்திரம் தேடுற கதைதான். சிடி ஸ்கேனையும் சேர்த்து மூணு பக்கமும் பார்க்கிற மெஷின் வந்த பிறகு எவ்வளவோ பரவாயில்ல, ஆனாலும் தப்புறது தப்பத்தான் செய்யுது. நீலச் சாயத்த முகத்துல போட சில சர்ஜன்கள் யோசிப்பாங்க, மாசக்கணக்குல நீலத் திட்டு போகாம நிக்கும்னு, அப்ப மீட்டர மட்டும் நம்பித்தான் தேடணும்.

அப்புறம் இந்த பரோட்டிட் சுரப்பி. நம்ம பரோட்டாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, பொன்னுக்கு வீங்கி வந்தா காதுக்கு முன்னாடி வீங்குமே அந்த எச்சில் சுரப்பிதான். தலைத்தோல், நெத்தி, கன்னம், காது இங்கேயிருந்தெல்லாம் ஓடி வர்ற தண்ணி அந்தச் சுரப்பிக்குள்ள புதைஞ்சு கிடக்கிற நெறிகள்ல நிக்கும். அதே சுரப்பிக்கு நடுவுலதான் முக நரம்பு கிளை கிளையா போகுது, கண்ண மூடுறது, சிரிக்கிறது, உதட்டக் குவிக்கிறது எல்லாம் அதால. மிளகு சைஸு நெறி ஒண்ண எடுக்கப் போய் முகம் ஒரு பக்கம் தொங்கிறக் கூடாதேன்னு சர்ஜன் ஜாக்கிரதையாத்தான் கை வைப்பார், அதுல தப்பே கிடையாது.

இதெல்லாம் நான் என் பயத்துல சொல்றது இல்ல. அந்த மார்ட்டன் தலைமையில 1994ல ஆரம்பிச்ச பெரிய ஆராய்ச்சி ஒண்ணு, பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்தது, அதோட 2005 அறிக்கையில காவல் நெறிய கண்டுபிடிக்க முடிஞ்ச அளவு தொடை இடுக்குல 99.3 சதவீதம், அக்குள்ல 95.3, கழுத்துல மட்டும் 84.5. அதுலயே இன்னொரு கணக்கும் இருக்கு, ஒரு சென்டர் முதல் 25 கேஸ் பண்றப்ப நெறியில நோய் இருந்தும் தவற விட்டது 10.3 சதவீதம், 25 தாண்டினதும் 5.2. அதாவது கை பழகப் பழகத்தான் குறையுது, பழகின பிறகும் ஜீரோ ஆகல. இது அந்தக் காலத்துக் கணக்கு, இப்ப கருவி எல்லாம் மாறியிருக்கு, ஆனா கழுத்துதான் கஷ்டம்ங்கிறது மாறல.

நெறிய சரியாவே எடுத்துட்டாங்கன்னு வச்சுக்குவோம். அதுக்கப்புறம் பேத்தாலஜில அதை மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. ஒரு நெறிய முழுசா ஒவ்வொரு செல்லாவும் பார்க்கணும்னா ஆயிரக்கணக்குல சீவணும், எந்த ஊர்லயும் அப்படி முடியாது, குறிப்பிட்ட சில சீவலத்தான் பார்ப்பாங்க. ரெண்டு சீவலுக்கு நடுவுல பத்து செல் உட்கார்ந்திருந்தா யாருக்குத் தெரியும். இன்னொண்ணு, செல் நெறிக்கு வந்து சேராம பாதி வழியில குழாய்க்குள்ளயே நின்னுக்கிட்டு இருக்கலாம், நெறிய எடுத்தாச்சு, நெறி சுத்தம், வழியில நின்னது ஆறு மாசம் கழிச்சு தழும்புக்கும் நெறிக்கும் நடுவுல எங்கேயாவது குருவா எழும்பும். இல்லைன்னா நெறிப் பக்கமே போகாம ரத்தத்துல ஏறி நேரா நுரையீரல், ஈரல், மூளைன்னு போயிரும், அதுக்கு நம்ம குளத்துக் கணக்கு எதுவும் செல்லாது. இதுல எதுவுமே யாரோட அஜாக்கிரதையும் இல்ல சார், எல்லாரும் ஒழுங்கா வேலை பார்த்தும் நடக்கிறது. நெகட்டிவ்னு ரிப்போர்ட் வந்தா அதுக்கு அர்த்தம், இந்தத் தேதியில, எடுத்த இந்த நெறியில, பார்த்த இந்தச் சீவல்ல, செல் தென்படலைங்கிறது மட்டும்தான்.

இன்னொரு விஷயம் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. மெலனோமாவ ஸ்டேஜ் பிரிக்கிற அமெரிக்க முறை இருக்கு, 2018ல இருந்து நடைமுறையில இருக்கிற எட்டாவது பதிப்பு. அதுல நெறியில இல்லைன்னா ஸ்டேஜ் 2 வரைக்கும், நெறியில இருந்தா ஸ்டேஜ் 3. கேக்குறதுக்கு 2 நல்லது 3 மோசம். ஆனா 5 வருஷம் மெலனோமாவால சாகாம இருக்கிறவங்க கணக்கப் பார்த்தா 3ஏ 93 சதவீதம், 2பி 87, 2சி 82. அதாவது மெல்லிசான மச்சம், நெறியில கடுகளவு இருந்தவரை விட, ஆழமான புண்ணான மச்சம், நெறி சுத்தமா இருந்தவருக்கு ஆபத்து கூட. நம்ம தாத்தா அந்த 2பி. நெறி ரிப்போர்ட்ட மட்டும் கையில வச்சுக்கிட்டு பீர் குடிச்சவர், முதல்ல வந்த மச்ச ரிப்போர்ட்ட, அந்த 2.8ங்கிற நம்பர, டிராயருக்குள்ள போட்டு மூடிட்டார். 2021 கடைசில அமெரிக்காவுல இந்த 2பி, 2சி ஆட்களுக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் பெம்ப்ரோலிசுமாப்னு ஒரு இம்யூனோதெரபி ஊசி (உடம்போட எதிர்ப்பு சக்தியத் தூண்டி விடுற மருந்து) போடலாம்னு அனுமதி குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி அது நெறி பாசிட்டிவ் ஆனவங்களுக்குத்தான். நெகட்டிவ்னா குணம்னு அர்த்தம்னா நெகட்டிவ் ஆளுக்கு எதுக்கு அவ்வளவு விலை ஊசி?

அவருக்கு என்ன ஆச்சுன்னா, 3 மாசத்துக்கு ஒருக்கா போக வேண்டிய செக்கப்புக்கு முதல் வருஷம் ஒழுங்காப் போனார், ரெண்டாவது வருஷம் ஒண்ண விட்டார், அப்புறம் இன்னொண்ண விட்டார், முதுகுல தோல் பார்க்கிறதுக்கு மட்டும் எதுக்கு மூணு மணி நேரம் உட்காரணும்னு. 2023 பிப்ரவரில ஷேவ் பண்ணும்போது காதுக்கு முன்னாடி கோலிக்குண்டு மாதிரி தட்டுப்பட்டிருக்கு, வலி கிடையாது. மாஸ்க் கயிறு உரசி வந்ததுன்னு மூணு வாரம் விட்டுட்டார். வேலி பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருக்கும்போது என் வீட்டுக்காரிதான் "தாத்தாவுக்கு பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி இருக்கு, பாருங்க"ன்னா. தொட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி, நகரல. அன்னைக்கே பொண்ணுக்குப் போன் பண்ணச் சொல்லிட்டேன். ஊசி பயாப்சில மெலனோமா. முன்னாடி எடுத்த ரெண்டு நெறியும் காதுக்குப் பின்னாடியும் கழுத்துலயும், இது வந்தது பரோட்டிட்டுக்குள்ள. மூணாவது மடை.

முன்ன மாதிரி இருந்தா உடனே கத்தி. ஆனா 2023ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்துச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடியே 3 டோஸ் பெம்ப்ரோலிசுமாப் போட்டுட்டு அப்புறம் எடுத்தவங்கள்ல ரெண்டு வருஷம் பிரச்சினை இல்லாம இருந்தவங்க 72 சதவீதம், எல்லா ஊசியையும் ஆபரேஷனுக்கு அப்புறம் போட்டவங்கள்ல 49. அதே மருந்துதான், வரிசைய மாத்தினதுக்கே இவ்வளவு வித்தியாசம், கட்டி உள்ள இருக்கும்போதே மருந்து போனா உடம்பு அதைப் பார்த்து எதிரிய அடையாளம் கத்துக்குதுன்னு சொல்றாங்க. இவருக்கும் அப்படித்தான் பண்ணாங்க. எடுத்துப் பார்த்தா பெரும்பாலும் செத்த செல்லு. முக நரம்பக் காப்பாத்திட்டாங்க, இருந்தாலும் நாலு மாசம் இடது கண்ணு முழுசா மூடாது, ராத்திரி டேப் ஒட்டித்தான் தூங்கினார். தைராய்டு படுத்துருச்சு, அது அந்த ஊசியோட வேலை, இப்ப தினமும் காலைல மாத்திரை. ஆனா ஆள் இருக்கார், போன மாசம் என் சின்னவனுக்கு மீன் பிடிக்கக் கத்துக் குடுத்தார், தொப்பி போட்டுக்கிட்டு.

நெகட்டிவ் வந்தா எல்லாருக்கும் திரும்பி வரும்னு நான் சொல்லவே இல்ல, அப்படி யாரும் படிச்சிடக் கூடாது. அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்னுக்கு 2000ல இடது நெத்திப்பொட்டுல மெலனோமா, நல்ல ஆழம், நெறிகளையும் எடுத்துப் பார்த்தாங்க, இல்லைன்னு வந்துச்சு, கன்னம் வீங்கின மாதிரி தழும்போடதான் 2008ல ஜனாதிபதி தேர்தல்லயே நின்னார். அது திரும்பி வரவே இல்ல, 2018ல அவர் இறந்தது மூளைல வந்த வேற ஒரு கேன்சரால. நெகட்டிவ் ஆனவங்கள்ல பெரும்பாலானவங்க அப்படித்தான் நல்லா இருக்காங்க. ஆனா அவருக்கே 2002ல மூக்குப் பக்கம் புதுசா இன்னொண்ணு ஆரம்ப நிலையில வந்துச்சு, ஏன் கண்டுபிடிச்சாங்கன்னா அவர் செக்கப்ப விடல.

டெஸ்ட்டே வேஸ்டுன்னும் சொல்லல. என் சோறே அதுலதான் இருக்குங்கிறதுக்காக சொல்லல, அந்த டெஸ்ட்டால எத்தனையோ பேர் கழுத்து தப்பிச்சிருக்கு. 2017ல வந்த அடுத்த பெரிய ஆராய்ச்சியில, காவல் நெறி பாசிட்டிவ்னாலும் உடனே மிச்ச நெறி எல்லாத்தையும் வழிச்சு எடுக்கத் தேவையில்ல, அல்ட்ராசவுண்டு வச்சு கண்காணிச்சாப் போதும், 3 வருஷத்துல உயிர் பிழைக்கிறது ரெண்டு பக்கமும் 86 சதவீதம்தான், வழிச்சு எடுத்தவங்கள்ல 24 சதவீதம் பேருக்கு வீக்கம், மத்தவங்கள்ல 6 சதவீதம்னு தெரிஞ்சுச்சு. டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், அது சொல்றதுக்கு மேல நாம அதுல ஏத்தி எழுதக் கூடாது, அவ்வளவுதான் நான் கேக்குறது.

நம்ம ஊர் வாசகர்களுக்கு இது எதுக்குன்னு நீங்க கேக்கலாம். நியாயம். நம்ம தோலுக்கு மெலனோமா அபூர்வம், வந்தாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் அதிகம், வெயிலுக்கும் அதுக்கும் பெரிசா தொடர்பு இல்ல. அப்படி வந்தவங்களுக்கு கால்னா தொடை இடுக்கு, கைன்னா அக்குள்தான் முதல் குளம், அங்க இந்த டெஸ்ட் ரொம்ப நம்பகம். பிறவியிலயே தோல்ல நிறமில்லாதவங்க கதை வேற, அவங்களுக்கு முகத்துலயும் காதுலயும் கழுத்துலயும் செதில் செல் கேன்சர்னு இன்னொரு வகை தோல் கேன்சர் சின்ன வயசுலயே வரும், அதுவும் இதே பரோட்டிட் வழியாத்தான் பரவும், அவங்க வீட்டுல இருக்கிறவங்க இந்த லெட்டரை கட்டாயம் படிக்கணும். அப்புறம் இங்க ஆஸ்திரேலியாவுல இருக்கிற நம்மாளுங்களோட பக்கத்து வீடு, ஆபீஸு, மருமகன் மருமகள்னு வெள்ளைத்தோலு எல்லா வீட்டுக்கும் வந்தாச்சு. என் அக்கா மருமகன் அயர்லாந்துக்காரன், முகமெல்லாம் புள்ளி, வெயில்ல நின்னா பத்து நிமிஷத்துல இறால் மாதிரி செவந்துருவான்.

ஒண்ணு மட்டும் குழப்பிக்க வேண்டாம். நம்ம ஊர்ல கழுத்து நெறின்னு டாக்டர் பேசினா பெரும்பாலும் அது வாய்ப் புத்துநோய் சம்பந்தமா இருக்கும், புகையிலை, பாக்கு. அதுக்குக் கணக்கு வேற. மும்பை டாடா ஆஸ்பத்திரில பண்ணி 2015ல வெளிவந்த ஆராய்ச்சியில, வாய்ல ஆரம்ப நிலையில இருக்கும்போதே கழுத்து நெறியையும் சேர்த்து எடுத்துட்டவங்கள்ல 3 வருஷத்துல உயிரோட இருந்தவங்க 80 சதவீதம், வந்தா எடுத்துக்கலாம்னு காத்திருந்தவங்கள்ல 67.5. அதனால தோல் கேன்சர்ல வழிச்சு எடுக்க வேண்டாம்னு நான் எழுதினதப் படிச்சுட்டு, வாய்க்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிற சித்தப்பா டாக்டர்ட்ட போய் சண்டை போட்டுறக் கூடாது.

கழுத்து பார்க்கிறது பெரிய வித்தை இல்ல. மாசத்துக்கு ஒரு நாள் குளிக்கும்போது சோப்புக் கையோட, ரெண்டு கையையும் ஒரே நேரத்துல வச்சு, காதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, பின்னாடி, பிடரி, தாடைக்கு அடியில, கழுத்து ரெண்டு பக்கமும், காரை எலும்புக்கு மேல இருக்கிற குழி வரைக்கும் விரல் நுனியால உருட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பார்த்தாப் போதும். தழும்ப சுத்தியும், தழும்புக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கிற தோலையும் தடவிப் பாருங்க. சளி பிடிச்சா நெறி கட்டும், வலிக்கும், ரெண்டு மூணு வாரத்துல போயிரும். வலிக்காம, கெட்டியா, போகாம நிக்கிறதுதான் காட்ட வேண்டியது. திரும்பி வர்றது பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளதான் வரும், சிலருக்கு பத்து வருஷம் கழிச்சும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் இப்ப ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் பண்றார், அவர் பொண்ணு உச்சந்தலைய போட்டோ எடுத்து வைக்குது, போன மாச போட்டோவோட ஒத்துப் பார்க்க.

கடைசியா ஒண்ணு சார். கட்டுரையோட போட்டிருந்த படத்துல மச்சத்த கன்னத்துல வரைஞ்சிருக்கு, அம்புக்குறி போய் நிக்கிற நெறி அக்குள்ல இருக்கு. கன்னத்து மச்சத்துக்கு அக்குள்ல தேடினா எந்தக் காலத்துலயும் நெகட்டிவ்தான் வரும். திருத்தம் போடும்போது அந்தப் படத்தையும் மாத்திடுங்க, அம்மா அதை வெட்டி பிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்,
பிரிஸ்பேன் (பாளையங்கோட்டை)